எஞ்சினைப் பிடித்து வைப்பது இரப்பரா, இரும்பா?

நின்றுகொண்டிருக்கும் காரின் பொனட்டைத் திறந்து வைத்திருக்கும்போது, ஓட்டுநர் எண்ணெய் மிதியைச் சட்டென அழுத்தினால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மீண்டும் பழைய நிலைக்கு வருவதைக் காணலாம். வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட சத்ரியா, சிவிக், மைவி போன்ற கார்களில் இந்தச் சாய்வு இன்னும் கூடுதலாக இருக்கும். உடனே பலருக்கும் தோன்றும் தீர்வு, ‘எஞ்சினை அசையவிடாமல் இறுக்கிக் கட்டிவிடலாம்’ என்பதுதான். அது சரியான தீர்வா? இயற்பியலிடம் கேட்போம்.

எஞ்சின் ஏன் சாய்கிறது?

ஒவ்வொரு வினைக்கும் சமமான, எதிரான ஒரு வினை உண்டு என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. எஞ்சின் சக்கரங்களை முன்னோக்கித் திருப்புகிறது. அதே அளவு முறுக்கு விசை எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பவைதான் ‘எஞ்சின் மவுண்டிங்’ எனப்படும் தாங்கிகள். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே இரப்பரை வைத்து ஒட்டிய எளிய பொருள் இது.

முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கட்டாக இணைந்திருக்கும். எஞ்சின் தருவது 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் அது 12 மடங்கு பெருகினால், சக்கரங்களுக்குப் போவது 2,400 நியூட்டன் மீட்டர். தாங்கிகள் எதிர்க்க வேண்டியதும் இதே அளவைத்தான். இந்தச் சாய்வைத் தடுக்கும் தாங்கி, சுழலும் அச்சிலிருந்து 0.6 மீட்டர் தொலைவில் இருந்தால், அதன்மேல் விழும் விசை 4,000 நியூட்டன். இது ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம்.

கூடுதல் சக்தி தரும் டர்போவைப் பொருத்தினால் இந்த விசையும் ஏறும். ஹோண்டா நிறுவனத்தின் பந்தய வகைக் காரான சிவிக் டைப் ஆர், 2007-இல் 215 நியூட்டன் மீட்டர் தந்தது. 2017-இல் டர்போவுடன் வந்த அதே வகைக் கார் 400 தந்தது. சாதாரணக் காருக்காகச் செய்த பழைய தாங்கிகளை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினின் சக்தியை மட்டும் கூட்டினால் இரப்பர் கிழியும். கியர் மாற்றுவது கடினமாகும். புகைக்குழாயில் விரிசல் விழும். வேகமாகக் கிளம்பும்போது சக்கரங்கள் சாலையில் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. ஆகவே இது பாதுகாப்புப் பற்றிய செய்தியும்கூட.

இறுக்கினால் என்ன ஆகும்?

நான்கு சிலிண்டர் எஞ்சின், கார் நிற்கும்போது நிமிடத்துக்கு 750 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதாவது, வினாடிக்கு 12.5 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிப்பதால், வினாடிக்கு 25 அதிர்வுகள் எழுகின்றன.

எஞ்சினுக்கும் அதன் தாங்கிகளுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அது 10 ஹெர்ட்ஸ் என்றால், 25 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே காரின் உடலுக்குச் செல்லும். இப்போது தாங்கிகளின் விறைப்பை நான்கு மடங்காக்குவோம். இயல்பு அதிர்வெண் இரண்டு மடங்காகி, 20 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அது 25-க்கு மிக அருகில் இருக்கிறது. அதிர்வு குறைவதற்குப் பதிலாக, ஏறக்குறைய 1.8 மடங்காகப் பெருகிக் காருக்குள் நுழையும். பாடத்தில் படிக்கும் ஒத்ததிர்வு இதுதான். இரப்பரின் தணிப்பைக் கணக்கில் சேர்த்தால் இந்த எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

இரப்பரே இல்லாத கெட்டி அலுமினியத் தாங்கியைப் போட்டால் எஞ்சின் அசையாது. ஆனால் அதன் அதிர்வு முழுவதும் காரின் உடலுக்குப் போகும். பந்தயக் காருக்கு அது பரவாயில்லை. அன்றாடம் ஓட்டும் காரில் நட்டுகள் தளரும்; ஓட்டுநர் களைத்துப்போவார்.

நடுவழி எது?

எஞ்சின் சிறிதளவு அசையும்போது மென்மையாகவும் பெரிதாகச் சாயும்போது கடினமாகவும் நடந்துகொள்ளும் தாங்கியே நமக்குத் தேவை. பல தாங்கிகளின் இரப்பரில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பது இதற்காகத்தான். அதிகம் சாய்ந்தால் இடைவெளி மூடிக்கொள்ளும், பிடி இறுகும். சில தாங்கிகளுக்குள் திரவம் இருக்கும். அது குறுகிய வழியில் ஓடும்போது அசைவின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும்.

காரை மாற்றியமைப்பவர்கள் முதலில் பழைய, வெடித்த தாங்கிகளுக்குப் பதிலாகப் புதியவற்றைப் பொருத்துவது நல்லது. பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால், சாய்வைத் தடுக்கும் தாங்கியை மட்டும் சற்றுக் கடினமான இரப்பருக்கோ பாலியூரித்தேனுக்கோ மாற்றலாம். எடையைத் தாங்குபவற்றை மென்மையாகவே விடலாம். எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒரு சிறு அதிர்வு தணிப்பானைப் பொருத்துவதும் உண்டு. அது திடீர் அசைவை எதிர்க்கும். மெதுவான அசைவை விட்டுவிடும். ஆனால் கிழிந்த தாங்கிக்கு அது மாற்று ஆகாது.

நம் ஊர்ப் பால்

1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம், தன் பிளிமத் காரின் எஞ்சினை இரப்பர்மீது ‘மிதக்க’ விட்டது. நான்கு சிலிண்டர் காரின் குலுக்கல் வெகுவாகக் குறைந்தது. செயற்கை இரப்பர்கள் பல வந்த பின்னரும் எஞ்சின் தாங்கிகளில் இயற்கை இரப்பருக்குத் தனி இடம் இருக்கிறது. இழுக்கும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொள்வதால், சிறு கீறல் எளிதில் பரவாது. வெப்பமும் எண்ணெய்க் கசிவும்தான் அதன் எதிரிகள்.

இந்த இரப்பரின் கதையில் மலாக்காவுக்கும் பங்குண்டு. 1896-இல் டான் சாய் யான் இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிடப்பட்டது அங்கேதான் தொடங்கியது. பின்னர் நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து தோட்டங்களில் பால் வெட்டினார்கள். இன்று அதே மாநிலத்தில், அலோர் காஜா மாவட்டத்தின் பெகோவில், சிவிக் கார்கள் கூட்டிணைக்கப்படுகின்றன.

செய்து பாருங்கள்

ஓர் இரப்பர் வளையத்தில் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். மெல்ல இழுத்துவிட்டு, 10 வினாடியில் அது எத்தனை முறை மேலும் கீழும் ஆடுகிறது என எண்ணுங்கள். பிறகு அதேபோன்ற நான்கு வளையங்களைச் சேர்த்துக் கட்டி மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகும். அடுத்து, ஒற்றை வளையத்தைப் பிடித்த கையை மெதுவாகவும், பூட்டு ஆடும் அதே வேகத்திலும், மிக வேகமாகவும் மேலும் கீழும் அசையுங்கள். எந்த வேகத்தில் பூட்டு அதிகம் துள்ளுகிறது? எந்த வேகத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது? விடையைக் குறிப்பேட்டில் எழுதி, மேலே உள்ள 10, 20, 25 ஹெர்ட்ஸ் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.