கடலுக்கு அஞ்சியவர்களின் ராஜபாட்டை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையில், வர்ஜீனியா மாநிலத்து நார்போக் துறைமுகம் தொட்டுத் தெற்கே ஃபுளோரிடாவின் மியாமி வரை, ஆறுகளையும் காயல்களையும் உப்பங்கழிகளையும் வெட்டுவாய்க்கால்களால் கோத்தமைத்த ஒரு ஜலமார்க்கம், சமுத்திரத்தை ஒட்டியே சென்றும் அதன் சீற்றத்துக்கு ஆட்படாமல், ஏறக்குறைய 1,090 மைல் தூரம் செல்கிறது. எண்ணற்ற கப்பல்களை விழுங்கி ‘அட்லாண்டிக்கின் மயானம்’ என்று பெயரெடுத்த ஹட்டரஸ் முனையைச் சுற்றாமலே தெற்கே போய்விடலாம் என்பதுதான் இதன் பெரிய சௌகரியம். இத்தகைய வழி தேசத்துக்கு அவசியமென்று நிதி மந்திரி ஆல்பர்ட் காலட்டின் 1808-லேயே அறிக்கை எழுதினார். அவர் நினைத்தது சரக்கையும் சைனியத்தையும். இன்று அதில் மிகுதியாகக் காண்பதோ உல்லாசப் படகுகளை.

வடக்கே குளிர் தலைகாட்டி, தெற்கே புயற்பருவம் ஓயும் நவம்பர் மாத வாக்கில், சொந்தப் படகையே வீடாக்கிக்கொண்ட ஓய்வுபெற்ற தம்பதிகள் பலர் இவ்வழியே இறங்குவார்கள், வசந்தத்தில் திரும்புவார்கள். தெற்கே செல்பவருக்கு மஞ்சள் முக்கோணம் பொறித்த அடையாளம் வலப்புறத்திலும், மஞ்சள் சதுரம் பொறித்தது இடப்புறத்திலும் இருக்க வேண்டும். விதி இவ்வளவு சுலபந்தான். ஆயினும் தரை தட்டாமல் யாத்திரையை முடித்தவர் அபூர்வம். இவ்வழியைப் பராமரிக்கும் ராணுவப் பொறியியல் படையின் ஏட்டில், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை ஆழம் 12 அடி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஓதம் 7, 8 அடி ஏறி இறங்கும் ஜார்ஜியாவில், வற்றும் வேளையில் சில இடங்களில் ஆள் ஆழங்கூட இராது. ஏறும் ஓதத்தில் தட்டினால் தண்ணீரே தூக்கிவிடும். வடியும் ஓதத்தில் தட்டியவர், அது முழுக்க வடிந்து மறுபடி ஏறும் வரை, சாய்ந்த படகிலேயே அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பாய்மரப் படகுக்குத் தலைக்கு மேலும் கவலை உண்டு: பெரும்பாலான நிலைப்பாலங்களின் உயரம் 65 அடி. மரம் சற்று நெடிதானால், தண்ணீர் நிரப்பிய பைகளை ஒரு பக்கம் தொங்கவிட்டுப் படகைச் சரித்து நுழையும் சாகசக்காரர்களும் இருக்கிறார்கள்.

வடகோடியில், அடிமைகளின் உழைப்பால் 1793-ல் தொடங்கி வெட்டப்பட்ட டிஸ்மல் சதுப்புக் கால்வாய் தனி அழகு வாய்ந்தது. இரு முனைகளிலும் கதவடைத்து நீரை ஏற்றியிறக்கும் மதகுகள். இடையே மரங்கள் கவிந்த 22 மைல். சருகும் மரப்பட்டையும் ஊறி நீர் காப்பி டிகாஷன் நிறத்தில் இருக்கும். கெடாமல் வெகுநாள் நிற்குமென்று பழைய மாலுமிகள் இதைப் பீப்பாய்களில் நிரப்பிச் சென்றார்கள். வெள்ளைப் படகின் முகப்பில் இந்நீர் ஏற்றும் பழுப்புக் கறைக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் ‘மீசை’. அமிலம் தடவினாலன்றி அது மழியாது.

முகத்துவாரங்களில் கடல் கொண்டுவந்து கொட்டும் மணலை ஓயாமல் வாரினால்தான் வழி நிலைக்கும். ஆனால் தூர்வாரும் பணத்தைப் பங்கிடுகையில் அரசாங்கம் பெரிதும் பார்ப்பது எத்தனை டன் சரக்குச் சென்றது என்பதையே. கரையூர்களில் தங்கி, எரிபொருளும் மளிகையும் வாங்கி, அங்காடிகளை வாழவைக்கும் படகு யாத்திரிகர் அந்தக் கணக்கில் ஒரு மூட்டை நெல்லுக்கும் சமானமாகார். இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.