மாம்பழத்தை மொய்க்கும் குட்டி ஈ... அதன் முட்டைக்குள் 'சுவர்' எழுப்புவது யார்?

சங்ககிரியில் மாம்பழ சீசன் வந்தாச்சு என்றால், கூடவே இன்னொரு விருந்தாளியும் வந்துவிடும். அதிகம் கனிந்த பழத்தைச் சுற்றும் குட்டிப் பழ ஈ. கையை வீசி விரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனா, அதன் அரை மில்லிமீட்டர் முட்டையில்தான் கரு உருவாகும் ரகசியங்கள் பல வெளிவந்தன. 1995-ல் மருத்துவ நோபல் பரிசும் கிடைத்தது.

முதலில் ஆட்கள், பிறகு அறைகள்

மனிதக் கருமுட்டை 2, 4, 8 என முழு செல்களாகப் பிரியும். பழ ஈ அப்படியில்லை. உட்கருக்கள் மட்டும் 13 முறை மளமளவெனப் பிரியும். நடுவில் தடுப்பே கிடையாது. கல்யாண மண்டபத்தில் எல்லாரும் ஒரே ஹாலில் பாய் விரித்த மாதிரி! பிறகு, ஓரத்தில் வரிசைகட்டும் சுமார் 6,000 உட்கருக்களுக்கு இடையே வெளிச்சவ்வு உள்நோக்கி இறங்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆளுக்கொரு அறை ரெடி.

இழுப்பது யார்?

செல்லின் உள்சட்டகமான சைட்டோஸ்கெலிட்டன். அதிலுள்ள நுண்குழல்கள்தான் சாலை. புதுச் சவ்வுக்கான சரக்கை மோட்டார் புரதங்கள் அதன்மேல் லாரி போல ஏற்றிச் செல்கின்றன. லாரிகளுக்குப் பேர்போன சங்ககிரிக்கு இதை விளக்கவே வேண்டாம்! ஆக்டின் இழைகளும் மயோசினும் கடைசியில் அறையின் அடிப்பகுதியைச் சுருக்குப்பை போல இறுக்குகின்றன.

புனே ஐசர் நிறுவனத்தில் ரிச்சா ரிக்கியின் குழு இதைத்தான் ஆராய்கிறது. செல்கள் முழுமையாகும் முன்பே உட்கருக்களுக்கு இடையே தற்காலிக மடிப்புகள் தோன்றும். அங்கே ஆக்டினை ஒழுங்குபடுத்த 'சிண்டாபின்' என்ற புரதம் தேவை என 2016-ல் இக்குழு காட்டியது.

நமக்கு என்ன சம்பந்தம்?

அறைகள் தயாரானதும், செல்கள் தங்கள் மேல்முனையைச் சுருக்க, அந்தத் தாளே உள்ளே மடிகிறது. மனிதக் கருவிலும் ஆக்டின், மயோசின் உதவியோடு ஒரு தட்டையான செல் தாள் மடிந்து குழாயாகிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் உருவாகின்றன. கருவுற்ற சுமார் 28 நாளில் அது மூடிவிடும். பலருக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது!

சரியாக மூடாவிட்டால் 'ஸ்பைனா பிஃபிடா' போன்ற பிறவிக் குறைபாடுகள் வரலாம். ஃபோலிக் அமிலம் அந்த ஆபத்தைக் குறைக்கும். அதனால்தான், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா? டெஸ்ட் பாசிட்டிவ் ஆகும்வரை காத்திருக்காமல், இப்போதே டாக்டரிடம் கேளுங்கள்.