ஒலியை உண்ணும் பலகைகள்

நம் சங்கங்களின் பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் சிமெண்டுத் தளமும் வெறுஞ் சுவரும் கொண்ட மண்டபங்களில் நடைபெறுகின்றன. தலைவர் தீர்மானத்தை வாசிக்கிறார். பின்வரிசையில் இருப்போருக்கோ ஒரு சொல்லின் மேல் மறு சொல் விழுந்து வெறும் இரைச்சலே கேட்கிறது. காதில் விழாத தீர்மானத்திற்குக் கை தூக்கிவிட்டு வீடு திரும்பும் அங்கத்தினர்களைத் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் காண்கிறேன். ஒலிபெருக்கி வைத்தால் குறை தீரும் எனச் சிலர் கருதுகின்றனர். பெருக்கிய ஒலியும் அதே சுவர்களில் மோதித் திரும்புமாதலால் குழப்பம் மிகுவதே வழக்கம்.

திரும்பும் ஒலியைக் குறைப்பதே இதற்கு மருந்து. இதை அளந்து நிறுவியவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபீன் என்பவர். அங்குப் புதிதாய் எழுந்த ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில், பேசிய சொல் ஐந்து விநாடிக்கு மேலாக ஒலித்துக்கொண்டிருந்தது. 1895-இல் தொடங்கி, அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை அவர் இரவு வேளைகளில் அம்மண்டபத்திற்குச் சுமந்து சென்றார். ஒரு குழலை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. தாம் அணிந்த உடையே கணக்கை மாற்றுவதைக் கண்டு, பின்னர் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே உடையை உடுத்தினாராம்! துணிக்கு இவ்வளவு ஆற்றல் உண்டென்பது நெசவாளர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

திறந்த சன்னல் வழியே சென்ற ஒலி திரும்புவதில்லை. ஆகவே சன்னலையே அவர் அலகாகக் கொண்டார். மண்டபத்தின் கன மீட்டர் அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி தங்கும் விநாடிகள் கிடைக்கும். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் உள்ள மண்டபம் 1,000 கன மீட்டர். அதன் உறிஞ்சும் திறன் 40 சதுர மீட்டர் சன்னலுக்குச் சமமாயின் ஒலி 4 விநாடி தங்கும். நூற்றுக்கு எழுபது பங்கு உறிஞ்சும் பலகையை 100 சதுர மீட்டர் மாட்டினால் அது சுமார் ஒன்றரை விநாடியாகும்.

இப்பலகைகளில் மந்திரம் ஏதுமில்லை. இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்று அதிர்ந்து உராயும்போது, ஒலியின் சக்தி மிகச் சிறு வெப்பமாக மாறிவிடுகிறது. ஐரோப்பாவில் மரச்சுருளைச் சிமெண்டுடன் பிணைத்துச் செய்கின்றனர். அமெரிக்காவில் பழைய ஜீன்ஸ் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கித் திண்டு செய்கின்றனர். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி இழையாக்கிய பலகைகளும் விற்பனைக்கு உள்ளன. நம்மிடமோ தென்னை நாரும், நூற்பாலைக் கழிவுப் பஞ்சும், திருப்பூரில் பனியன் வெட்டிய துண்டுகளும் இருக்கின்றன. புட்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தென்னை நார் தடித்த இழை. ஆதலால் மெல்லிய நார்ப்பாயைச் சுவரில் ஒட்டினால் கீச்சுக் குரல் மட்டும் அடங்கும். ஆண்களின் கனத்த குரல் அடங்காது. பாயின் கனத்தைக் கூட்டலாம். அல்லது மரச்சட்டம் அடித்துச் சுவருக்கும் பாய்க்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி விடலாம். பின்னது செலவு குறைந்த வழி.

முகப்புத் துணியில்தான் பலர் தவறுகின்றனர். பாவும் ஊடையும் நெருங்கிய துணியைப் போர்த்தினால் ஒலி உள்ளே புகாமல் திரும்பிவிடும். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையின்றி மறுபுறம் சென்றால் அத்துணி ஏற்றது. இழை தளர்ந்த கைத்தறித் துணி இதற்கு மிகப் பொருத்தம். அதன்மேல் பெயிண்டு பூசுவது பலகையைக் கொல்வதாகும்.

விற்பனைக்காரர் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. இப்பலகை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமேயன்றி, ஒலி வெளியே செல்வதைத் தடுக்காது. விசைத்தறிக் கொட்டகையின் சத்தம் அண்டை வீட்டாரைத் துன்புறுத்துமாயின், அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவுமே வேண்டும்.

பஞ்சும் நாரும் தீப்பற்றும். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்துவது வழக்கம். பின்னர் ஈரம் பட்டால் மருந்து கரைந்து போகும். ஆகையால் ஒழுகும் கூரையின் கீழ் மாட்டலாகாது.

இதைத் தொழிலாக மேற்கொள்ள விரும்பும் சங்கங்கள் உடனே பங்குத் தொகையை இயந்திரத்தில் போட்டுவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வெளியார் வாங்க வேண்டுமாயின், எதிரொலி அறையில் சோதித்த சான்று கேட்பார்கள். அதில் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை தனித்தனி எண்கள் இருத்தல் வேண்டும். சராசரி எண் ஒன்று மட்டும் போதாது. முதலில் தச்சரைக் கொண்டு சில சட்டங்கள் செய்து, சங்க மண்டபத்திலேயே மாட்டிப் பார்க்கலாம். மாட்டுவதற்கு முன் ஒருவர் மேடையிலிருந்து தொடர்பற்ற ஐம்பது சொற்களை வாசிக்க, பின்வரிசையில் இருவர் கேட்டதை எழுத வேண்டும். மாட்டிய பின் வேறு ஐம்பது சொற்களைக் கொண்டு அவ்வாறே செய்து, சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கையை இருமுறையும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்து கொள்ளவேண்டும்.