பசலை உடம்பில் என்ன செய்கிறது?

தமிழ்ப் பாடத்தில் ‘பசலை’ என்ற சொல்லைப் படித்திருப்பீர்கள். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி நிறம் மாறுகிறது, உறக்கம் போகிறது, உணவு பிடிக்கவில்லை, கை மெலிந்து வளை கழல்கிறது. மதுரையோடு சேர்த்துப் பேசப்படும் சங்க அகப்பாடல்களில் இது அடிக்கடி வரும். திருக்குறளின் 119-ஆம் அதிகாரமே ‘பசப்புறு பருவரல்’தான். எல்லாம் புலவர்களின் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். நிறத்தை விட்டுவிட்டால், மற்றவை மருத்துவர்கள் இன்றும் காணும் அறிகுறிகளே.

மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ பஸ் ஏறி மதுரைக் கல்லூரிக்குப் போகும் அக்கா ஒருத்தி பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பார்கள், கண்ணேறு கழிப்பார்கள். காதல் முறிந்ததை அவள் எப்படிச் சொல்வாள்?

அவள் மூளை அந்தப் பிரிவை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போலிருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. பாம்பைக் கண்டு ஓட இது உதவும். பிரிவைக் கண்டு எங்கே ஓடுவது? நாட்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடும். பசி சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும்.

2011-இல் அமெரிக்காவில், காதல் முறிந்து வருந்திய 40 பேரிடம் ஒரு பரிசோதனை நடந்தது. பிரிந்தவரின் படத்தைக் காட்டியபோதும், கையில் சூடு வைத்தபோதும் மூளையின் சில பகுதிகள் ஒன்றுபோல இயங்கின. ஆனால் அதே பகுதிகளுக்குள் இரண்டு வேதனைகளும் வெவ்வேறு கோலங்களில் பதிவாகின்றன என்று 2014-இல் வேறோர் ஆய்வு காட்டியது. எனவே இரண்டும் ஒன்றே என்று சொல்வது அவசரம். வெறும் நடிப்பு என்பது அதைவிடப் பெரிய தவறு.

அப்படியானால் காதலோ துணையோ இல்லாதவர்கள் நோயாளிகளா? இல்லை. மணமானவர்களின் மனநலம் சராசரியில் சற்று மேல் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் நல்ல மனநலம் உள்ளவர்களுக்கு மணமாகும் வாய்ப்பும் அதிகம் அல்லவா? ஓயாத சண்டையும் சந்தேகமும் உள்ள உறவு, தனிமையைவிட அதிகமாக மனத்தைக் கெடுக்கும்.

பெரும்பாலோருக்குத் துயரம் மெல்லத் தணிகிறது. இரண்டு வாரம் கடந்தும் தூக்கமின்மையும் சோர்வும் விடவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.