சில்லுனு இருந்தா போதுமா? பெப்பர்மின்ட் ஆயில்... யாருக்கு நிவாரணம், யாருக்கு ஆபத்து?

இரவு 11 மணி. மழைக்காலச் சளி. பத்து மாதக் குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொண்டு, பால் குடிக்கவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் அழுகிறது. அலமாரியில் கைக்கு எட்டும் தூரத்தில் சின்ன பெப்பர்மின்ட் ஆயில் பாட்டில். "நேத்து எனக்குத் தலைவலி வந்தப்போ ரெண்டு சொட்டு தடவினேன், கொஞ்ச நேரத்துல விட்டுடுச்சு. குழந்தைக்கு மூக்குப் பக்கத்துல ஒரே ஒரு சொட்டு வெச்சா என்ன?" என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்.

அக்கறையில் வரும் கேள்விதான். ஆனால், பெரியவருக்கு இதம் தந்த அதே சொட்டு, குழந்தைக்கு மூச்சையே நிறுத்திவிடக்கூடும். ஆன்லைனில் ஆர்டர் செய்தால் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும் இந்த எண்ணெய் எதற்கு உதவும், எதற்கு உதவாது, யார் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

நம் வீட்டுப் புதினாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. சட்னிக்கும் பிரியாணிக்கும் போடும் புதினா, பெப்பர்மின்ட்டுக்கு நெருங்கிய சொந்தம். 'மெந்தா பைபெரிட்டா' என்ற தாவரப் பெயர் கொண்ட பெப்பர்மின்ட், நீர்ப்புதினா, ஸ்பியர்மின்ட் என்ற இரண்டு வகைகளின் கலப்பில் பிறந்த செடி. அதன் இலைகளையும் பூக்களையும் நீராவியில் காய்ச்சி வடித்தால் கிடைப்பதுதான் பெப்பர்மின்ட் ஆயில். இதன் முக்கியமான பொருள் மெந்தால்.

இந்தியாவில் பெரிய அளவில் பயிராவது இன்னொரு வகை. 'மெந்தா ஆர்வென்சிஸ்' எனப்படும் அந்த மெந்தால் புதினா, 1950-களில் ஜப்பானிலிருந்து இங்கே வந்தது. லக்னோவில் இருக்கும் மத்திய மருத்துவ மற்றும் நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையம் 'கோசி' போன்ற ரகங்களை உருவாக்கித் தந்தது. உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், ராம்பூர் பகுதிகளில் இது விவசாயிகளுக்குப் பணப்பயிர். உலகச் சந்தைக்குப் போகும் இயற்கை மெந்தாலில் பெரும்பங்கு இந்தியாவுடையது.

இந்த எண்ணெயைக் குளிரவைத்துப் பிரித்தெடுக்கும் மெந்தால் படிகம்தான், நாட்டு மருந்துக் கடைகளில் 'புதினா உப்பு' என்ற பெயரில் கிடைக்கிறது. புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒரு பாட்டிலில் போட்டால் தானாகவே உருகித் தைலமாகும் வித்தையைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ஆக, நமக்குப் புதிதாக இருப்பது பாட்டிலும் பெயரும்தான். மெந்தால் பழைய ஆள்.

அந்த 'சில்' எங்கிருந்து வருகிறது?

பெப்பர்மின்ட் ஆயில் தடவிய இடம் ஜில்லென்று இருக்கும். ஆனால், அங்கே உடல் சூடு குறைந்துவிடவில்லை. நம் நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. ஐஸ் பட்டால் விழித்துக்கொள்ளும் அந்தப் புரதத்தை மெந்தாலும் தட்டி எழுப்பிவிடுகிறது. 'குளிருது' என்று மூளைக்குச் செய்தி போகிறது. 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் இருவரும் தனித்தனியாக இந்தப் புரதத்தைக் கண்டறியப் பயன்படுத்தியது மெந்தாலைத்தான்.

மூக்கடைப்புக்கும் இதே கதைதான். மெந்தாலை முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்டதுபோல இருக்கும். ஆனால், மூக்கின் வழியே காற்று போகும் அளவை அளந்து பார்த்த ஆய்வுகளில், அடைப்பு உண்மையில் குறைந்திருக்கவில்லை. பெரியவர்களுக்கு அந்த உணர்வே பெரிய ஆறுதல், நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால், சளி குறைந்துவிட்டது என்றோ, காய்ச்சல் இறங்கிவிட்டது என்றோ எண்ணி, டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

எதற்கு உண்மையிலேயே உதவும்?

*டென்ஷன் தலைவலி:* நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல வரும் தலைவலிக்கு, ஆல்கஹாலில் 10 சதவிகிதம் பெப்பர்மின்ட் ஆயில் கலந்த மருந்தை நெற்றியிலும் பொட்டிலும் தடவும் முறை ஜெர்மனியில் ஆராயப்பட்டது. 1990-களில் நடந்த அந்த ஆய்வில், 1,000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு இணையான பலன் கிடைத்தது. ஆனால் அது பெரியவர்களுக்காக, அளவு பார்த்துத் தயாரிக்கப்பட்ட மருந்து. பாட்டிலில் இருக்கும் எண்ணெயை அப்படியே நெற்றியில் பூசுவதும் அதுவும் ஒன்றல்ல.

*வயிற்றுப் பிடிப்பு:* வயிற்று வலி, உப்புசம், ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றுப்போக்கு எனப் படுத்தி எடுக்கும் 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' பிரச்னையில் பெப்பர்மின்ட் ஆயில் கேப்சூல்கள் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் அமைப்பின் 2021 வழிகாட்டுதலிலும் இதற்கு இடம் உண்டு; சான்றுகள் அவ்வளவு வலுவானவை இல்லை என்ற குறிப்போடு. இந்த கேப்சூல், வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போன பிறகே கரையும்படி பூச்சு பூசப்பட்டது. பாட்டில் எண்ணெயைத் தண்ணீரில் சொட்டுவிட்டுக் குடிப்பது இதற்கு மாற்று ஆகாது. உணவுக்குழாயின் கீழ் வாயில் இருக்கும் தசையையும் இந்த எண்ணெய் தளர்த்திவிடும் என்பதால் நெஞ்செரிச்சல் அதிகமாகும். அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் பூச்சு முன்கூட்டியே கரைந்துவிடலாம். பித்தப்பைக் கல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

*தசை வலி, அரிப்பு:* குளிர்ச்சி உணர்வு, வலியையும் அரிப்பையும் சற்று நேரம் மறக்கவைக்கும். பல வலி நிவாரணிக் களிம்புகளில் மெந்தால் இருப்பது இதனால்தான். ஆனால், தடவிய இடத்தில் இறுக்கமாகக் கட்டுப் போடுவது, ஹீட்டிங் பேட் வைப்பது கூடாது. மெந்தால் கலந்த களிம்புகளால் அரிதாகத் தீக்காயம் போன்ற புண்கள் வருவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-ல் எச்சரித்தது.

வீட்டு வேலைக்கு...

* எறும்பு: முதலில் எறும்புச் சாரை போன பாதையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். எறும்புகள் விட்டுச்சென்ற வாசனைத் தடம் அழியும். பிறகு, பஞ்சில் சில சொட்டு பெப்பர்மின்ட் ஆயில் விட்டு, அவை நுழையும் ஓட்டையருகே வையுங்கள். வாசனை போனதும் எறும்பு திரும்பி வரும். பஞ்சை மாற்ற வேண்டும்.
* பாத்ரூம், ஷூ ஸ்டாண்டு: ஒரு பஞ்சில் இரண்டு சொட்டு போதும். வாடையை மறைக்கும். ஆனால் கிருமிநாசினிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.
* தரை துடைக்க: எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மிதக்கும். பாத்திரம் துலக்கும் லிக்விடில் முதலில் கலந்து, பிறகு தண்ணீரில் ஊற்றுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது வேண்டாம்.
* கொசு: சற்று நேரம் விரட்டும். சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால், டெங்கு சீசனில் இதை மட்டும் நம்பக் கூடாது. கொசுவலையும், தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும்தான் பாதுகாப்பு.
* அரிசி டப்பா, மளிகை அலமாரி: வேண்டாம். வாசனை சாப்பாட்டில் ஏறிவிடும்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதுபோன்ற எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. ரோமத்தில் பட்டதை அது நக்கவும் செய்யும். டிஃப்யூஸர் ஓடும் அறையில் பூனையை அடைத்துவைக்காதீர்கள்.

எவ்வளவு கலக்க வேண்டும்?

சருமத்தில் நேரடியாகத் தடவக் கூடாது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 சொட்டு என்பது ஏறக்குறைய 2 சதவிகிதம். பெரியவர்களுக்கு வீட்டில் இந்த அளவு போதும். முதல்முறை என்றால் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ, அரித்தாலோ வேண்டாம். கண்ணைச் சுற்றியும் புண் மீதும் தடவக் கூடாது. தடவிய கையைச் சோப்பால் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாக்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். வாங்கும்போது லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபிராக்ரன்ஸ் ஆயில்' என்றிருந்தால் அது வாசனைக்கு மட்டுமே, உடலுக்கானதல்ல.

குழந்தைக்கு ஏன் கூடாது?

இப்போது அந்த இரவு 11 மணிக் கேள்விக்கு வருவோம். கைக்குழந்தையின் மூக்குக்கு அருகில் மெந்தால் நெடி பட்டால், அனிச்சையாகக் குரல்வளை இறுகி, மூச்சு சற்று நேரம் நின்றுபோகலாம். இதனால்தான் ஐரோப்பிய மருந்துகள் முகமை, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெப்பர்மின்ட் ஆயிலே கூடாது என்கிறது. மூக்கில் மட்டுமல்ல, நெஞ்சிலோ தலையணையிலோ தடவுவதும் வேண்டாம். கற்பூரம் சேர்ந்த தைலம் இன்னும் ஆபத்து. கற்பூரம் குழந்தையின் உடலுக்குள் போனால் வலிப்பு வரலாம். 2 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

மூக்கடைத்த குழந்தைக்கு, டாக்டர் பரிந்துரைக்கும் சலைன் சொட்டு மருந்து போதும். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வேகமாக மூச்சு வாங்கினாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைதான்.

தவறுதலாகக் குடித்துவிட்டால்?

குழந்தைகளுக்கான வைட்டமின் சொட்டு மருந்தும் இந்த எண்ணெயும் பார்க்க ஒரே மாதிரி சின்ன பாட்டில்களில்தான் வருகின்றன. தூக்கக் கலக்கத்தில் மாறிவிட வாய்ப்பு அதிகம். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீர்விட்டுக் கழுவி, கண் மருத்துவரைப் பாருங்கள்.

எண்ணெயை அதன் கண்ணாடி பாட்டிலிலேயே, அடுப்பிலிருந்தும் சாமி விளக்கிலிருந்தும் தள்ளி வையுங்கள், இது தீப்பற்றக்கூடியது. மருந்து வைக்கும் டப்பாவில் சேர்த்து வைக்காமல், குழந்தைக்கு எட்டாத மேல் அலமாரியில் தனியாக வையுங்கள்.

இன்றே ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, அந்த பாட்டிலில் 'குழந்தைக்கு வேண்டாம்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத ஒரு ராத்திரியில், பேரப்பிள்ளையின் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல் அலமாரியைத் திறக்கும் தாத்தா, பாட்டி கண்ணில் அது படட்டும்.