பச்சை மரத்துத் தச்சர்கள்

நன்றாக முற்றி, வைரம் பாய்ந்து, அறுத்து நிழலில் அடுக்கிப் பல மாதங்கள் காயவைத்த மரத்தில்தான் தச்சுவேலை செய்யவேண்டும் என்பது நம் ஊர் ஆசாரிகள் வழிவழியாகக் கைக்கொண்டுவரும் சம்பிரதாயம். பச்சை மரத்தில் கதவு செய்து மாட்டியவன், அடுத்த கோடையில் அது கோணிக்கொண்டு நிலையில் உட்கார மறுப்பதைக் கண்டு பரிதவிப்பான் என்பதும் அனுபவ சித்தமே. ஆனால் இங்கிலாந்தில், வெட்டிச் சில நாட்களே ஆகி இன்னும் ஈரம் உலராத மரத்தையே விரும்பித் தேடுகிற தச்சர்கள் இருக்கிறார்கள். 1990-ஆம் ஆண்டில் அவர்கள் அமைத்துக்கொண்ட சங்கத்தின் உள்ளூர்க் குழுக்கள், ஓய்வு நாட்களில் பக்கத்துக் காடுகளில் கூடி, மின்சார யந்திரங்களின் துணையை நாடாமல் நாற்காலியும் கரண்டியும் கிண்ணமும் செய்கின்றன.

இவர்கள் முன்மாதிரியாகக் கொள்வது, லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளில் பீச் மரக்காடுகளை அண்டி ஜீவனம் செய்த 'பாட்ஜர்' என்னும் கடைசல்காரர்களை. அக்குன்றுகளின் அடிவாரத்திலுள்ள ஹை விக்கம் நகரம் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போனது. 1875-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் செய்யப்பட்டன என்று ஒரு கணக்குண்டு. அவற்றுக்குக் காலும் குறுக்குச் சட்டமும் கடைந்து கொடுத்த பாட்ஜர், காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டுக்கொண்டு, நின்ற மரங்களை விலைபேசி வாங்கி, வெட்டிப் பிளந்து, கடைந்து, குரோசுக் கணக்கில் தொழிற்சாலைக்கு அனுப்பினான். இயற்கையைக் காக்கவேண்டும் என்ற சங்கற்பம் எதுவும் அவனுக்கு இருந்ததாகச் சொல்வதற்கில்லை. முழு மரத்தை வண்டியேற்றுவதைவிடக் கடைந்த கால்களை ஏற்றுவது மலிவு, அவ்வளவே. ஏழையின் சிக்கனமாக இருந்தது இன்று வசதி படைத்தவரின் விரதமாகியிருக்கிறது என்பதை அந்தச் சங்கத்தாரும் மறுக்கமாட்டார்கள். அந்தத் தலைமுறையின் கடைசி மனிதர்களில் ஒருவரான சாமுவேல் ராக்கல் 1962-இல் காலமானார்.

இனி வேலையின் நுட்பத்தைப் பார்ப்போம். ரம்பம் மரத்தின் நாரை இடையிடையே அறுத்துவிடுகிறது. ஆப்பு வைத்துப் பிளந்தாலோ மரம் தன் நாரின் போக்கிலேயே பிரிகிறது, ஆகையால் மெல்லிய சட்டமும் பலமாக நிற்கிறது. பிளந்த துண்டை மரக்குதிரை போன்ற ஒரு பலகையில் காலால் இடுக்கிக்கொண்டு, இருபுறமும் பிடியுள்ள கத்தியைத் தன்பக்கம் இழுத்துச் செதுக்கியபின், கடைசலுக்கு ஏற்றுகிறார்கள். இக்கடைசலில், மேலே வளைந்துகொடுக்கும் நீண்ட கழி ஒன்றும் கீழே ஒரு மிதிகட்டையும் உண்டு. இரண்டையும் இணைக்கும் கயிறு, கடையவேண்டிய கட்டையை ஒருமுறை சுற்றிச் செல்கிறது. மிதித்தால் கட்டை கடைபவனை நோக்கிச் சுழலும், உளி பாயும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கட்டையைப் பின்னுக்குச் சுழற்றும், அந்தக் கணத்தில் உளியைச் சற்று விலக்கிக்கொள்ளவேண்டும். ஈர மரம் சுருள்சுருளாக வருமேயன்றித் தூள் பறக்காது. கடின மரத்தூள் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருப்பதால் இது அற்பமான சௌகரியம் அன்று.

ஆனால் காய்ந்தால் சுருங்குமே என்றால், அந்தச் சுருக்கத்தையே தச்சன் வேலைக்காரனாக்கிக்கொள்கிறான் என்பதுதான் இதன் விசேஷம். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை. குறுக்குவாட்டிலோ, வளையங்களின் சுற்றுப்போக்கில் சுருங்குவது ஆரப்போக்கில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே குறுக்குச் சட்டத்தின் கழுந்தை முதலில் நன்கு காயவைத்து, ஓரளவு ஈரமுள்ள காலில் துளைபோட்டு அடித்து இறக்குகிறார்கள். நாட்கள் செல்லச் செல்லக் கால் காய்ந்து சுருங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்கிறது. ஆணியும் பசையும் தேவைப்படுவதில்லை. மரத்தை உலர்த்தச் சூளை மூட்டும் எரிபொருளும் மிச்சம்.

காட்டுக்கும் இதனால் அனுகூலம் உண்டு. ஹேஸல் போன்ற மரங்களை அடியை ஒட்டி வெட்டினால், மறுதாம்பாக அடிக்கட்டையிலிருந்து பல கொழுந்துகள் கிளம்பி, ஏழெட்டு வருஷங்களில் மீண்டும் வெட்டுக்கு வருகின்றன; வெட்டிய இடத்தில் வெயில் தரையைத் தொடுவதால் காட்டுப்பூக்களும் அவற்றை நாடும் வண்ணத்துப்பூச்சிகளும் பெருகுகின்றன. இவ்வழக்கம் கைவிடப்பட்ட காடுகளில் நிழல் மண்டி, சில வண்ணத்துப்பூச்சி இனங்கள் அருகிப்போயின. மரத்தை வெட்டாதிருப்பதுதான் புண்ணியம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும். அதற்காக, இந்தச் சங்கம் உலகத்துக்கு நாற்காலி வழங்கிவிடும் என்று யாரும் மனப்பால் குடிக்கத் தேவையில்லை. வாரம் முழுவதும் உழைத்தாலும் ஒருவர் செய்யக்கூடியது சொற்பமே. கரண்டி செதுக்கக் காரில் வெகுதூரம் வந்து சேரும் அன்பரின் பெட்ரோல் கணக்கையும் நாம் கிளறாமல் விடுவோம்.

இப்போது அவர்களுக்கு வந்திருக்கும் சங்கடம் வேறு. விண்ட்ஸர் எனப்படும் நாற்காலி வகையின் இருக்கைப் பலகைக்கு, நார்கள் பின்னிக்கிடப்பதால் எளிதில் பிளவுபடாத எல்ம் மரமே உகந்தது என்று கருதப்பட்டது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய பூஞ்சை நோயினால் பிரிட்டனில் கோடிக்கணக்கான எல்ம் மரங்கள் மடிந்தன. நேராகப் பிளக்கவும் ஆவியில் வளைக்கவும் இணக்கமான ஆஷ் மரத்தையே பச்சைமரத் தச்சர்கள் பெரிதும் நம்பியிருந்த நிலையில், அதையும் பட்டுப்போகச் செய்யும் இன்னொரு பூஞ்சை 2012-இல் அத்தீவின் காடுகளில் உறுதிசெய்யப்பட்டது. நோயுற்ற ஆஷ் சீக்கிரமே நொறுங்கும் தன்மை அடைந்துவிடுவதால், ஏறி வெட்டுவதே அபாயம். ஆகவே பிர்ச்சிலும் ஸிக்கமோரிலும் செஸ்ட்நட்டிலும் கையைப் பழக்கிக்கொள்வதைத் தவிர இக்கைவினைஞர்களுக்கு வேறு மார்க்கமில்லை.