மாலையும் மசோதாவும்

1915 ஆகஸ்ட் 10ஆம் தேதி புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அந்த நாட்டுச் சட்டப்படி அந்தத் திருமணத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாக ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு அரியணையில் உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது. மன்னர் மனைவியோடு ஊரை விட்டு வெளியேறினார். ஆட்சியைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டிலேயே தங்கி, 1928இல் பாரிஸில் காலமானார். பட்டம் அவர் மகனுக்கு வரவில்லை. ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது. அரண்மனையும் கஜானாவும் வைத்திருந்தவருக்கே தன் கல்யாணத்தைச் செல்லுபடியாக்கிக்கொள்ளும் வலு இருக்கவில்லை. மணம் முடிப்பவர்கள் இருவர்தான். அது செல்லும் என்று சொல்வது அரசு. தன்பாலினத் திருமணம் பற்றி இன்று நடக்கும் வாதத்தையும் இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் தெளிவாகப் புரியும்.

அரசின் அந்த ஒரு சொல் எப்படிக் கிடைக்கும் என்பதைத் தமிழ்நாடு தன் அனுபவத்திலேயே கண்டிருக்கிறது. புரோகிதரும் ஓமமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் இறுதியிலிருந்து இங்கே நடந்துவந்தன. 1953இல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அத்தகைய திருமணத்தில் சாஸ்திரச் சடங்கும் இல்லை, அதை நெடுநாள் வழக்கம் என்று ஏற்கவும் முடியாது, ஆகவே அது செல்லாது என்றது. அந்த முறையில் மணந்திருந்த எத்தனையோ பெண்களின் மனைவி என்ற நிலையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஒரே தீர்ப்பில் கேள்விக்குறியாயின. 1955இல் வந்த இந்து திருமணச் சட்டமும் இதைச் சரிசெய்யவில்லை. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசு அந்தச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றவோ மோதிரம் அணிவிக்கவோ வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். இதில் ஏதாவது ஒன்று போதும். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது சட்டம். நீதிமன்றம் மறுத்ததைச் சட்டசபை கொடுத்தது. அதைக் கொடுத்தது, அந்தக் கோரிக்கையைத் தன் கொள்கை என்று வெளிப்படையாகச் சொல்லி, தேர்தலில் நின்று வென்ற ஒரு கட்சி.

7ஏ பிரிவு, ‘எந்த இரண்டு இந்துக்களுக்கும்’ இடையிலான திருமணத்துக்குப் பொருந்தும் என்றுதான் தொடங்குகிறது. சாதி மத வேறுபாடின்றி மணம் செய்துகொள்ள உதவும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் ‘எந்த இரண்டு நபர்களுக்கும்’ என்றே பேசுகிறது. ஆனால் மேலே படித்துக்கொண்டு போனால் இரண்டு சட்டங்களிலும் கணவன், மனைவி என்ற சொற்கள் வந்துவிடுகின்றன. 2023இல் உச்ச நீதிமன்றத்தில் பத்து நாள் நடந்த வாதத்தின் மையம் இதுதான். ‘இரண்டு நபர்கள்’ என்பதில் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் அடங்க மாட்டார்களா என்று மனுதாரர்கள் கேட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி, சுப்ரியோ வழக்கு எனப்படும் அந்த வழக்கின் தீர்ப்பில், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். இணைந்து வாழும் உறவுக்காவது சட்ட ஏற்பு வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் கருதினார்கள். மற்ற மூவரும் அதற்கு உடன்படவில்லை. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. ஆக, பந்து இப்போது கட்சிகளின் காலடியில் கிடக்கிறது.

கட்சிகள் அதை எடுத்தனவா? இங்கேதான் வெளிநாட்டுச் செய்திகளை மட்டும் படித்துவிட்டு நம் நாட்டை எடைபோடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். அமெரிக்காவில் இது ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் இடையிலான சண்டை. இந்தியாவில் அப்படி ஒரு கோடு கிழிக்க முடியாது. வழக்கு நடந்தபோது ஒன்றிய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டது. ஏழு மாநிலங்கள் பதில் அனுப்பின. தமிழ்நாடு அந்த ஏழில் இல்லை. வெளிப்படையாக எதிர்த்தவை மூன்று: பாஜக ஆண்ட அசாம், ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் ஆண்ட ஆந்திரம், காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தான். மற்ற நான்கும் அவகாசம் கேட்டன. அதற்கு முன், 2015 டிசம்பரில், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவைத் திருத்தும் தனிநபர் மசோதாவைக் காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர் மக்களவையில் கொண்டுவர முயன்றார். மசோதாவை அறிமுகம் செய்யவே 24 பேர்தான் ஆதரவு தந்தார்கள். 71 பேர் எதிர்த்தார்கள். 543 இடங்கள் உள்ள அவையில் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2018இல் 377 விழுந்தது நீதிமன்றத்தால்தான். அப்போது ஒன்றிய அரசு முடிவை நீதிமன்றத்தின் விவேகத்துக்கே விட்டுவிட்டது. ஐந்தே ஆண்டுகள் கழித்து, திருமண விஷயத்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று அதே அரசு வாதாடியது. நம் நாட்டில் இந்தக் கோரிக்கையை முடக்கி வைத்திருப்பது கட்சிச் சண்டை என்பதைவிட, எல்லாக் கட்சிகளும் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் மௌனம் என்பதே சரி.

மௌனத்தில் சில கீறல்கள் விழுந்திருக்கின்றன. தேசியவாத காங்கிரஸின் சுப்ரியா சுலே 2022இல் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தன்பாலின இணையருக்குத் திருமணத்தை ஒத்த சட்ட ஏற்பு வேண்டும் என்று மார்க்சிஸ்ட் கட்சியின் தேர்தல் அறிக்கை சொல்கிறது. பரவலான கலந்தாலோசனைக்குப் பிறகு அவர்களின் இணைவை ஏற்கும் சட்டம் கொண்டுவரப்படும் என்று 2024இல் காங்கிரஸ் வாக்களித்தது. நீதிமன்றத்தில் கடுமையாக எதிர்த்த பாஜக அரசே, தீர்ப்புக்குப் பின் குழு அமைத்து, 2024இல் தன்பாலின இணையர் ஒரே ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று சுற்றறிக்கைகள் விட்டது. சின்ன விஷயங்கள்தான். ஆனாலும், ஒரே அட்டையில் பெயர் சேர்க்கலாம் என்று அரசே எழுதிக் கொடுத்த பிறகு, அந்த இருவரும் ஒரு குடும்பம் இல்லை என்று சொல்வது கடினமாகிவிடுகிறது.

‘இது நகரத்து மேட்டுக்குடியின் ஆசை, கிராமத்தில் யார் கேட்டது?’ என்பது முதல் ஆட்சேபம். 2023இல் ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் ஏறக்குறைய இப்படித்தான் வாதாடியது. தமிழ்நாட்டு வழக்குகளைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தவர்கள், பெற்றோருக்கும் போலீஸுக்கும் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், இத்தகையோரைத் துன்புறுத்துவது ஒழுங்கீனம் என்று காவலர் நடத்தை விதிகளில் தமிழ்நாடு அரசு 2022இல் சேர்த்தது. பால்புதுமையர் போன்ற மரியாதையான சொற்களின் பட்டியலையும் வெளியிட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு விசாரித்த ஆட்கொணர்வு மனு, வேலூர்ப் பக்கம் குடியாத்தத்தில் குடும்பத்தார் அடைத்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணைப் பற்றியது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று சொல்லி அந்த அமர்வு அவரை விடுவித்தது. ஆட்கொணர்வு மனு போடும் நிலைக்கு வந்தவர்களை மேட்டுக்குடி என்று சொல்ல நா எழாது. காசும் செல்வாக்கும் உள்ளவர்கள் சட்ட ஏற்பு இல்லாமலும் சமாளித்துக்கொள்வார்கள். அது இல்லாததால் அடிபடுகிறவர்கள் சிறு ஊர்க்காரர்கள்தான்.

மரபு என்பது இரண்டாவது ஆட்சேபம். அதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. திருமணம் பலருக்குத் தெய்வ காரியம், குலத்தின் தொடர்ச்சி. ஆனால் இந்த வாதத்தைப் புதுக்கோட்டை மண் முன்பே கேட்டிருக்கிறது. தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னை சட்டசபையில் 1920களில் குரல் எழுப்பிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். மரபையும் கலையையும் காட்டி அவரை எதிர்த்து நின்ற தீரர் சத்தியமூர்த்தி, அதே சீமையில் திருமயத்தில் பிறந்தவர். முழுமையான சட்டம் 1947இல்தான் வந்தது. ஒழிப்பதும் ஏற்பதும் ஒன்றல்ல என்பது உண்மை. இருந்தாலும் சட்டசபை வாதம் எப்படி முடிகிறது என்பது கவனிக்கத்தக்கது: சத்தியமூர்த்தி தன் கருத்தை ஒளிக்கவில்லை, அவையில் எழுந்து நின்று சொன்னார். அதனால்தான் பதில் சொல்ல முடிந்தது, வாதம் ஒரு முடிவுக்கும் வந்தது. மேலும், 7ஏ பிரிவு எந்தக் கோயில் திருமணத்தையும் நிறுத்தவில்லை. ஐயரை வைத்து நடத்துபவர்கள் இன்றும் அப்படியே நடத்துகிறார்கள். சிவில் சட்டத்தில் ஒரு கதவு கூடுதலாகத் திறந்தால், எந்த மதமும் தன் சடங்கை மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது ஆட்சேபம் ஆதரவாளர்களிடமிருந்தே வருகிறது: கட்சி அரசியலுக்குள் போனால் இது ஓட்டுச் சண்டையாகி வீணாகிவிடும். அமெரிக்காவில் 2004 தேர்தல் நாளன்று மட்டும் 11 மாநிலங்களில் இதற்குத் தடைபோடும் திருத்தங்களை வாக்கெடுப்பில் வைத்து வென்றார்கள் என்பது உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இந்த உரிமையை ஏற்றது. அந்த ஏற்பைக் காக்க 2022 டிசம்பரில் வந்த சட்டத்துக்கு மேலவையில் 12 குடியரசுக் கட்சியினர் வாக்களித்தார்கள். பிரிட்டனில் 2013இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரூன் கொண்டுவந்த மசோதாவை, இரண்டாம் வாசிப்பில் அவர் கட்சி உறுப்பினர்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம். கொறடா உத்தரவு இல்லாமல், எதிர்க்கட்சி வாக்குகளோடு, 400க்கு 175 என்று அது கரையேறியது. தாய்லாந்தில் பல கட்சிகள் தனித்தனியே கொண்டுவந்த வரைவுகளை ஒன்றாக்கிச் சட்டமாக்கினார்கள். 2025 ஜனவரி 23 முதல் அங்கே தன்பாலின இணையர் மணம் பதிகிறார்கள். இந்த நாடுகளிலெல்லாம் உறுப்பினர்களுக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று பெயர் சொல்லிக் கைதூக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. நம் அவைகளில் அந்த நாள் இன்னும் வரவில்லை.

‘மாநில அரசால் என்ன செய்ய முடியும்?’ என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் சாக்கு. திருமணம் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 7ஏ பிரிவே மாநிலத் திருத்தம்தான். குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு வந்தது. டெல்லியில் அப்போது இருந்தது காங்கிரஸ் ஆட்சி, சென்னையில் அதைத் தோற்கடித்த திமுக. இன்று அந்த ஒப்புதல் எளிதில் கிடைக்காது என்பது சரிதான். ஆனால் ஒப்புதல் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. இணைந்து வாழும் இருவர் தங்கள் உறவை ஒப்பந்தப் பத்திரமாகப் பதிந்துகொள்ள வழி செய்யுங்கள் என்று 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மாநில அரசுக்கு யோசனை சொன்னார். அந்தப் பத்திரத்தால் வாரிசுரிமையோ ஓய்வூதியமோ வந்துவிடாது. வீட்டார் வந்து இழுத்துப் போகும்போது போலீஸிடம் நீட்ட ஒரு காகிதம் இருக்கும், அவ்வளவுதான். 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலத்துக்கு இது பெரிய தாண்டல் அல்ல.

கதை தொடங்கிய புதுக்கோட்டைக்கே திரும்புவோம். இந்த மாவட்டத்துக்குத் தனி மக்களவைத் தொகுதி கிடையாது. தொகுதி மறுசீரமைப்பில் அது காணாமல் போய்விட்டது. விராலிமலை கரூருடனும், புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியுடனும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையுடனும், அறந்தாங்கி ராமநாதபுரத்துடனும் சேர்ந்திருக்கின்றன. 2024இல் இந்த நான்கு தொகுதிகளிலும் வென்றவர்கள் காங்கிரஸின் ஜோதிமணி, மதிமுகவின் துரை வைகோ, காங்கிரஸின் கார்த்தி சிதம்பரம், முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி. நால்வரும் அப்போது ஒரே கூட்டணி. அதில் காங்கிரஸ்காரர் இருவரும், தன்பாலின இணைவை ஏற்கும் சட்டம் என்ற வாக்குறுதி அச்சான தேர்தல் அறிக்கையோடு ஓட்டுக் கேட்டவர்கள். ஒரு மாவட்டத்துக்கு நான்கு உறுப்பினர்கள் என்பது மற்ற நாட்களில் புதுக்கோட்டைக்காரர்களுக்குக் குறைதான், யாரிடம் மனு கொடுப்பது என்றே தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் அது வசதி. ஆதரவா, எதிர்ப்பா, கலந்தாலோசனை எப்போது தொடங்கும் என்று நான்கு பேரிடமும் கேட்கலாம். எதிர்ப்பு என்றே ஒருவர் சொன்னாலும் அது பதில்தான். சத்தியமூர்த்தி அப்படித்தான் சொன்னார்.